வெளிநாட்டிலிருந்து வந்த கார்மின் நூவி நேவிகேட்டரை நம் மலைச்சாலைகளில் பயன்படுத்த முடியுமா?

சேலம் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வசிக்கும் என் மகள் சென்ற முறை ஊருக்கு வந்தபோது, அங்கே தன் காரில் முன்பு வைத்திருந்த கார்மின் நூவி வகை ஜி.பி.எஸ். நேவிகேட்டர் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்து அங்குலத் திரை, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பிடிப்பான், ஓரத்தில் மெமரி கார்டு செருகும் இடம் ஆகிய எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. காருக்கான சார்ஜர் மட்டும் வரவில்லை. இயக்கிப் பார்த்தால் திரை தெளிவாகவே வருகிறது, ஆனால் உள்ளே இருப்பது வட அமெரிக்க வரைபடம் மட்டும்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் அடிக்கடி காரில் வெளியூர் போகிறோம். கொல்லிமலை, வால்பாறை, ஊட்டி, அங்கிருந்து மைசூர் என்று பெரும்பாலும் மலைப்பக்கம்தான். கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டு போகும்போது, மலையில் பாதித் தூரம் ஏறியதும் சிக்னல் போய்விடுகிறது. வழியை மாற்றிக் கேட்டால் திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது. அந்த இடங்களில் இந்தக் கருவி உதவும் என்றால் அதை முறையாகக் கற்றுக்கொண்டு பயன்படுத்த விரும்புகிறேன்.

இந்திய வரைபடத்தை இதில் ஏற்ற முடியுமா, அதற்கு மாதக் கட்டணம் போன்ற எதுவும் உண்டா, கைப்பேசி சார்ஜரின் ஒயரையே இதற்கும் போடலாமா என்பவை என் முதல் சந்தேகங்கள். இவற்றைவிட முக்கியமாக, முன்பின் போகாத மலைப்பாதையில் இது காட்டும் வழியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். கணினியில் கோப்புகளை நகலெடுக்கும் அளவுக்குப் பழக்கம் உண்டு. அதற்கு மேல் என்றால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

வரைபட ஆர்வலர் எழுதியது:

வணக்கம் ஐயா. தாராளமாகப் பயன்படுத்தலாம். மாதக் கட்டணமும் இல்லை, சிம் கார்டும் வேண்டாம். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் அனுப்பும் குறிகைகளை இந்தக் கருவி வாங்கிக்கொள்கிறதே தவிர, தானாக எதையும் அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால் போதும், தான் நிற்கும் இடத்தை அது கணக்கிட்டுவிடும். பொதுமக்களுக்கான குறிகையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்திலேயே நீக்கிவிட்டதால், திறந்த வெளியில் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் இடம் சரியாகவே கிடைக்கும். இந்த வேலை சிகாகோவிலும் சேலத்திலும் ஒன்றுபோலத்தான் நடக்கிறது. மாற்றவேண்டியது வரைபடம் ஒன்றைத்தான்.

அதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 2004இல் தொடங்கப்பட்டு, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்துவரும் இலவச வரைபடம் இது. இதன் தரவை கார்மின் கருவிகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் தளங்கள் பல உள்ளன. நாட்டையோ பகுதியையோ தேர்ந்தெடுத்தால், கார்டில் போடுவதற்கென்றே ஒற்றைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். எழுத்துரு பற்றிய தேர்வு இருந்தால் ஆங்கில எழுத்தையே தேர்ந்தெடுங்கள். பழைய நூவி கருவிகள் தமிழ் எழுத்துகளைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கார்டு 32 ஜிபிக்கு மிகாமல் இருக்கட்டும். அதை ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்து, அதாவது கார்டில் இருப்பதை அழித்துப் புதிதாகத் தயார் செய்து, கார்மின் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு ஃபோல்டரை உருவாக்கி, இறக்கிய கோப்பை அதன் பெயரை மாற்றாமல் அதற்குள் போடுங்கள். பிறகு கருவியின் அமைப்புகளில் வரைபடம் என்ற பகுதிக்குப் போனால் இரண்டு வரைபடங்களும் பட்டியலில் தெரியும். அமெரிக்க வரைபடத்தின் டிக்கை எடுத்துவிட்டு இந்திய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்குள் ஏற்கெனவே இருக்கும் கோப்புகள் எதையும் அழிக்கவேண்டாம். அவற்றில் சிலவற்றை அழித்தால் கருவியே எழாமல் போகும் அபாயம் உண்டு. மைலைக் கிலோமீட்டராக மாற்றுவதையும் இதே சமயத்தில் முடித்துவிடுங்கள்.

முதன்முறை இயக்கும்போது பொறுமை வேண்டும். கருவி கடைசியாக விழித்திருந்தது அமெரிக்காவில். அங்கே எந்தெந்தச் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் இருக்கும் என்ற பழைய கணக்கோடுதான் அது வானத்தைத் தேடத் தொடங்கும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுதாக ஒருமுறை ஒலிபரப்பாக 12.5 நிமிடம் ஆகிறது. எனவே வீட்டு மொட்டைமாடியிலோ திறந்த மைதானத்திலோ, காரை ஓட்டாமல், கருவியை அரை மணி நேரம் அசையாமல் வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் இயக்கினால் ஓரிரு நிமிடத்துக்குள் இடத்தைப் பிடித்துவிடும். வாரங்களை எண்ணும் ஜி.பி.எஸ். கணக்கு 2019 ஏப்ரல் 6ஆம் தேதி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கியதால், மிகப் பழைய சில கருவிகள் தேதியைத் தவறாகக் காட்டுவதுண்டு. அப்படி இருந்தாலும் பெரும்பாலும் இடம் சரியாகவே இருக்கும்.

கைப்பேசி ஒயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய நூவி கருவிகளில் இருப்பது மினி யு.எஸ்.பி. துளை. சாதாரண மினி யு.எஸ்.பி. ஒயரைச் செருகினால், கணினியோடு இணைக்கப்பட்டதாகக் கருவி நினைத்துக்கொள்கிறது. திரையில் கருவியும் கணினியும் இணைந்திருப்பதுபோன்ற படம் தோன்றி, வழிகாட்டுவது நின்றுவிடும். காருக்கென்று விற்கும் ஒயரின் முனைக்குள் ஓர் ஊசிக்குத் தனி இணைப்பு கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் இது வெறும் மின்சாரம் என்று கருவி அறிந்துகொள்கிறது. ஆகவே நூவிக்கான கார் சார்ஜர் ஒயர் என்று கேட்டே வாங்குங்கள். இத்தனை பழைய கருவியின் பேட்டரி பெரிதாகத் தாங்காது, ஒயர் இல்லாமல் மலை ஏறும் எண்ணம் வேண்டாம். வெயிலில் நிறுத்தும்போது கருவியைக் கண்ணாடியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே உள்ள லித்தியம் பேட்டரி சூட்டில் உப்பி, திரையையே வெளியே தள்ளிவிடும்.

இடம் தேடுவதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் கருவியைக் குறை சொல்லிவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள். இலவச வரைபடத்தில் கதவிலக்கம், தெருப்பெயர் கொண்டு தேடுவது நம் ஊரில் சரிப்படாது. போகவேண்டிய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வீட்டிலேயே கணினியில் எடுத்துவைத்துக்கொண்டு அவற்றைக் கொடுப்பதே உறுதியான வழி. ஆனால் கணினி வரைபடங்கள் பாகையைத் தசமத்தில் தருகின்றன. நூவி கருவியோ பாகை, நிமிடம் என்ற முறையில் கேட்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஊட்டியின் அட்சரேகை தசமத்தில் 11.41. இதை 11 பாகை 41 நிமிடம் என்று அடித்துவிட்டால், உண்மையான 11 பாகை 24.6 நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வடக்கே, பந்திப்பூர்க் காட்டுப் பக்கம் கருவி உங்களைக் கூட்டிக்கொண்டு போகும். எண்களை அடிக்கும் அதே திரையில் வடிவத்தை மாற்றும் பொத்தான் இருக்கிறது. முதலில் அதைத் தசமப் பாகைக்கு மாற்றிவிடுங்கள்.

நீலகிரி ஓட்டுநர் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். வரைபடம் ஏற்றுவதை நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் மலையில் வாடகைக் கார் ஓட்டுபவன் என்பதால், உங்களுடைய கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கருவி சொல்வதை நம்பலாம். எந்த வழியாகப் போகலாம் என்று அது சொல்வதை, புறப்படுவதற்கு முன்பே ஒருமுறை மனிதர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும். ஊட்டியிலிருந்து மைசூர் போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடலூர் வழியாகப் போவது சுற்று. தலைக்குந்தாவில் பிரிந்து கல்லட்டி மலைப்பாதையில் மசினகுடிக்கு இறங்குவது தூரம் குறைவு. கருவி தூரத்தைப் பார்த்து இரண்டாவது வழியைத்தான் பெரும்பாலும் காட்டும். ஆனால் அந்தப் பாதை 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மிகச் செங்குத்தான இறக்கம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்ப் பல விபத்துகள் நடந்ததால், வெளியூர் வண்டிகள் அதில் இறங்குவதற்கு அனுமதி இல்லை. தலைக்குந்தா சோதனைச் சாவடியில் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே நின்று கருவி சொல்கிறதே என்று வாதாடுகிற பயணிகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களைத் திருப்பி அனுப்பும் காவலர் அவர்களுடைய உயிரைக் காப்பாற்றுகிறார் என்பதை அவர்கள் புரிந்துகொள்ளவேண்டும் என்று உள்ளபடியே விரும்புகிறேன்.

நேரக் கட்டுப்பாடும் கருவிக்குத் தெரியாது. முதுமலை, பந்திப்பூர் காட்டு வழியே மைசூர் போகும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவுப் பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. மாலை ஆறரைக்கு ஊட்டியில் புறப்பட்டால் எட்டரைக்குக் காட்டைத் தாண்டிவிடலாம் என்று திரையில் காட்டினால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் இன்ன வேகம் என்று கருவி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மலையில், அதுவும் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால், அந்த வேகத்தில் பாதிகூடப் போக முடியாது. சமவெளிக்குக் கருவி சொல்லும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மலைப்பகுதிக்கு மட்டும் அதை இரட்டிப்பாக்கித் திட்டமிடுங்கள்.

இத்தனை சொன்னாலும், மலையில் இந்தக் கருவியின் உதவியை நான் மதிக்கிறேன். முக்கியமாகப் பனிமூட்டத்தில். திரையை நன்றாகப் பெரிதாக்கி வைத்தால், அடுத்த வளைவு இடப்பக்கமா வலப்பக்கமா, மெதுவாகத் திரும்புகிறதா, அப்படியே மடங்கித் திரும்புகிறதா என்பது பத்தடிக்கு மேல் கண்ணுக்குச் சாலை தெரியாத நேரத்தில்கூடத் தெரிந்துவிடும். ஆனால் கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறும் 70 வளைவுகளில், பல இடங்களில் சாலையின் இரண்டு மடிப்புகள் மேலும் கீழுமாக மிக நெருக்கமாக ஓடுகின்றன. ஒரு பக்கம் பாறைச் சுவர் வானத்தை மறைத்துக்கொள்வதால் கருவி சற்றுத் தடுமாறி, உங்கள் காரைக் கீழ் மடிப்பிலிருந்து மேல் மடிப்புக்குத் தாவவைத்துக் காட்டும். திரும்பிச் செல் என்றுகூடக் குரல் கொடுக்கும். அதைப் பொருட்படுத்தாமல் சாலையைப் பார்த்து ஓட்டுங்கள், அடுத்த திறந்த வளைவில் அது தானே சரியாகிவிடும். வழிகாட்டும் குரல் அந்த வளைவுகளில் உதவுவதைவிடத் தொந்தரவு செய்வதே அதிகம் என்பதால், மலை ஏறத் தொடங்கியதும் நான் அதை நிறுத்திவிடுவேன்.

முதல் பயணத்தையே புதிய ஊருக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஏற்காடு இருக்கிறது. கைவிரல்போல உங்களுக்குத் தெரிந்த அந்த 20 வளைவுகளில் கருவி என்ன சொல்கிறது, எங்கே தாமதிக்கிறது, எங்கே பிசகுகிறது என்று பார்த்துவிட்டால், அதன் குணம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கோவை வாசகி எழுதியது:

ஐயா, மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாற்று யோசனையையும் நீங்கள் எடைபோட்டுப் பார்க்கவேண்டும். கைப்பேசிக்கு மலையில் போய்விடுவது கைப்பேசி நிறுவனத்தின் சிக்னல்தான், செயற்கைக்கோள் குறிகை போவதில்லை. கைப்பேசிக்குள்ளும் ஜி.பி.எஸ். வாங்கி இருக்கிறது, சிம் கார்டே இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். வீட்டிலேயே வரைபடத்தை முழுதாக இறக்கிவைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் போன்ற செயலிகள் மேலே நண்பர் சொன்ன அதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத்தான் பயன்படுத்துகின்றன, இணையம் இல்லாமலே வழியை மாற்றியும் கணக்கிடுகின்றன. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைப்பேசி ஒன்று இருந்தால் அதையே நேவிகேட்டராக்கிவிடலாம். தேடுவது எளிது, தமிழ் எழுத்தும் தெரியும், சாதாரண சார்ஜரே போதும்.

அப்படியானால் நூவி எதற்கு என்று கேட்டால், எனக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. உச்சிவெயிலில் கண்ணாடியோரம் வைத்த கைப்பேசி சூடேறித் திரையை மங்கலாக்கிக்கொள்கிறது, சில நேரம் அணைந்தே போகிறது. காருக்கென்றே செய்த கருவி அந்த வெயிலைக் கூடுதலாகத் தாங்குகிறது. அதோடு ஓட்டும்போது அழைப்பும் செய்தியும் வந்து திரையை மறைப்பதில்லை. இந்த இரண்டும் உங்களுக்கு முக்கியம் என்றால் நூவியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மழைக்காலத்தில் புறப்படும் அன்று காலையில், மண்சரிவு ஏதும் உண்டா, சாலை திறந்திருக்கிறதா என்பதை இணையம் உள்ள கைப்பேசியில் பார்த்தே ஆகவேண்டும். அந்தச் செய்தி நூவிக்கு எந்த வகையிலும் வந்து சேராது.

எதை வைத்தாலும், அதை வைக்கும் இடத்தில் கவனமாக இருங்கள். கண்ணாடியின் நடுவில் உயரமாக ஒட்டினால், கொண்டை ஊசி வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது மேலிருந்து இறங்கிவரும் வண்டியை அந்தத் திரையே மறைத்துவிடும். டேஷ்போர்டுக்குச் சற்று மேலே, கண்ணாடியின் அடிப்பகுதியில், காற்றுப்பைக்கு வழிவிட்டு ஒட்டுவது நல்லது. வழி பார்ப்பதற்காக மட்டும், கவனம் சிதறாத வகையில் கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்று மோட்டார் வாகன விதிகளில் 2020இல் திருத்தம் வந்திருக்கிறது. ஆனால் ஓடும் காரில் ஊர்ப் பெயரை அடித்துக்கொண்டிருந்தால் எந்த விதியும் துணைக்கு வராது. அந்த வேலையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

சேலம் பயணி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கல்லட்டி பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதிது. மைசூர்ப் பயணத்துக்கு நான் குறித்துவைத்திருந்தது அந்த வழிதான், இனி கூடலூர் வழியாகவே போவோம். வெயிலைக் கருதி நூவியையே வைத்துக்கொண்டு, பழைய கைப்பேசியில் அம்மணி சொன்ன செயலியையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. சேலம் கோவை நெடுஞ்சாலையில் மேம்பாலத்தின் மேல் போகவேண்டுமா, பக்கத்துச் சர்வீஸ் சாலையில் இறங்கவேண்டுமா என்று கைப்பேசியே குழப்புகிறது. இந்தக் கருவியிலும் அப்படித்தானா?

வரைபட ஆர்வலர் எழுதியது:

ஆம் ஐயா, அப்படித்தான். மேம்பாலமும் அதை ஒட்டிய சர்வீஸ் சாலையும் சில மீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. கருவியின் பிழையும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பதால் இரண்டில் எதில் இருக்கிறீர்கள் என்று அதனால் பிரித்தறிய முடிவதில்லை. உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும், ஆனால் ஜி.பி.எஸ். கணக்கில் உயரத்தின் பிழை கிடைமட்டப் பிழையைவிட அதிகம். எனவே அந்தச் சாலையில் கருவியின் அம்புக்குறியைப் பார்க்காமல், அடுத்த திருப்பத்துக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று அது காட்டும் எண்ணைப் பாருங்கள். திருப்பம் 20 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் மேம்பாலத்தில் நேராகப் போகலாம். அரைக் கிலோமீட்டர் என்றால் இடப்பக்கம் ஒதுங்கிச் சாலைப் பலகையைப் பார்த்து இறங்கவேண்டும். தவறிப் போனாலும் பதற்றப்பட்டுப் பின்னால் எடுக்காதீர்கள், அடுத்த இறக்கம் வரை போய்த் திரும்பிவிடலாம்.

கல்லட்டி போன்ற தடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் அந்தச் சாலையைத் திறந்து, குறிப்பு இடும் வசதியை அழுத்தி, இன்ன வண்டிக்கு இன்ன திசையில் அனுமதி இல்லை என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம்; கணக்குத் தொடங்கவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அந்தப் பகுதியில் வரைபடம் வரைபவர்கள் பார்த்துச் சரிபார்த்துத் திருத்துவார்கள். திருத்தம் உங்கள் கருவிக்கு வரவேண்டும் என்றால் புதிய கோப்பை இறக்கிக் கார்டில் மாற்றவேண்டும். ஆண்டுக்கு இருமுறை, கோடை விடுமுறைக்கு முன்பும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும், அப்படி மாற்றிக்கொள்வது போதுமானது. நீலகிரி நண்பர் சொன்ன இரவு நேரக் கட்டுப்பாடுகளை இந்த வாரமே நான் வரைபடத்தில் சரிபார்த்து, விடுபட்டவற்றைச் சேர்த்துவிடுகிறேன். திம்பத்தில் எந்த வகை வண்டிக்கு எத்தனை மணி என்று சோதனைச் சாவடிப் பலகையில் எழுதியிருப்பதை அவர் ஒருமுறை பார்த்து இங்கே பதிந்தால் உதவியாக இருக்கும்.